குழந்தைகளுக்கு எழுதுபவரின் ஒரு வாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குழந்தைகளுக்காக எழுதும் வாசகர்களும் எழுத விரும்பும் வாசகர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். வாரம் முழுதும் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது, அதைக் கதையாகவோ பாட்டாகவோ படமாகவோ எப்படி ஆக்குவது என்பதைச் சுற்றியே பெரும்பாலானவர்கள் கேட்டிருந்தார்கள்.

கேள்வி: வேலை போக வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் மிஞ்சுகிறது. கண்காட்சி, நாடகம், இசை, புத்தகம் எல்லாவற்றுக்கும் இதில் எப்படி இடம் ஒதுக்குவது?

பதில்: எல்லாவற்றுக்கும் ஒதுக்காதீர்கள். பார்க்கவும் கேட்கவும் இரண்டு மணி நேரம், கையால் செய்ய நான்கு மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பலருக்கு இது தலைகீழாக நடக்கிறது. நிறையப் பார்க்கிறார்கள், குறிப்பேடு நிரம்புகிறது, வருடக் கடைசியில் கதை ஒன்றும் இல்லை.

ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வெளி அனுபவம் போதும். அது ஒரு கண்காட்சி அறையாகவோ பொம்மலாட்டமாகவோ மூன்று நிமிட இசைத் துண்டாகவோ இருக்கலாம். அந்த வாரம் முடிவதற்குள் அது சிறிய ஏதோ ஒன்றாக மாறியாக வேண்டும்: எட்டு வரிப் பாட்டு, அரைப் பக்கக் கதை, ஓர் அச்சுப் படம். அது நன்றாக வர வேண்டும் என்ற கட்டாயமில்லை, முடிந்திருக்க வேண்டும். நாள் கடந்தால் நுணுக்கங்கள் மறந்து, ‘அழகாக இருந்தது’ என்ற அபிப்பிராயம் மட்டும் தங்கும். அபிப்பிராயத்திலிருந்து கதை எழுத முடியாது. மரக்குதிரையின் தேய்ந்த இடது காதிலிருந்து எழுதலாம்.

கேள்வி: அருங்காட்சியகத்தில் மூன்று மணி நேரம் சுற்றினேன். நூறு போட்டோ எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எழுத ஒன்றுமே தோன்றவில்லை. எங்கே தவறு?

பதில்: நூறு போட்டோவில்தான். கேமரா பார்த்துக்கொள்ளும் என்று தெரிந்ததும் கண் வேலையை நிறுத்திவிடும்.

அடுத்த முறை ஓர் அறை, ஒரு மணி நேரம் என்று போங்கள். முதல் பத்து நிமிடம் எங்கும் நிற்காமல் அறையை ஒரு சுற்று சுற்றுங்கள். பிறகு கண்ணை மூடி, எந்தப் பொருள் ஞாபகத்துக்கு வருகிறதோ அதன் முன் போய் நில்லுங்கள். விளக்க அட்டையை இப்போது படிக்காதீர்கள். ‘சடங்குக்குரிய கிண்ணம்’ என்று படித்துவிட்டால், அதன் பிறகு அது உங்களுக்குத் தொப்பியாகவோ படகாகவோ தெரியாது.

பென்சிலை எடுத்து அதை மூன்று முறை வரையுங்கள்: ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். (பல காட்சிக்கூடங்களில் பேனாவுக்கு அனுமதி இல்லை. மை தெறித்தால் அகற்ற முடியாது.) படம் மோசமாக வந்தாலும் பரவாயில்லை. ஒரு நிமிடப் படத்தில் உருவம் பிடிபடும், ஐந்து நிமிடப் படத்தில் விரிசலும் ஒட்டும் தெரியும். பத்து நிமிடப் படம் வரையும்போதுதான் ‘இந்தப் பக்கம் மட்டும் ஏன் தேய்ந்திருக்கிறது?’ என்ற கேள்வி வரும். கதை அந்தக் கேள்வியில் இருக்கிறது.

இன்னொன்று, கட்டாயம் குனியுங்கள். ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 110 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் கண்ணை வைத்தால் மேசையின் அடிப்புறமும் சிலையின் முழங்காலும் கண்ணாடிப் பெட்டியில் உங்கள் முகமும் தெரியும். குழந்தை பார்க்கும் அருங்காட்சியகம் அதுதான்.

இதெல்லாம் முடிந்தபின் அட்டையைப் படியுங்கள். வடிவத்தைச் சரிபார்க்க ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று இரவே அரைப் பக்கம் எழுதிவிடுங்கள். அந்தப் பொருள் ஏதாவது ஒரு சமூகத்தின் வழிபாட்டுக்கோ துக்கத்துக்கோ உரியது என்றால், அவர்களுக்கு அது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் வேடிக்கைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள். அட்டையில் இருந்த தகவலையெல்லாம் கதையில் கொட்டுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. ஒரு கதை ஒரு தகவலைத் தாங்கும், இரண்டாவது வந்தாலே பாடம் ஆகிவிடும்.

கேள்வி: குறிப்பேட்டில் முந்நூறு குறிப்புகள் இருக்கின்றன. அவற்றைக் கதையாக்கும் வழி?

பதில்: தனித்தனியாகப் பார்த்தால் குறிப்பு குறிப்பாகவே கிடக்கும். இரண்டை மோதவிடுங்கள். இத்தாலியக் குழந்தை எழுத்தாளர் ஜியான்னி ரோடாரி, கதை உண்டாக்கும் வழிகளைப் பற்றி 1973-இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு முறையாகவே விளக்கினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களை எடுத்து இணைக்க வேண்டும். அவர் சொன்ன எடுத்துக்காட்டு நாயும் அலமாரியும்.

தமிழில் இதைச் செய்ய வேற்றுமை உருபுகளே போதும். நாயின் அலமாரி. அலமாரிக்குள் நாய். அலமாரியோடு நடக்கும் நாய். நாயை விழுங்கிய அலமாரி. அலமாரிக்குக் காவல் நாய். உருபு மாற மாறக் கதை மாறுகிறது. உங்கள் முந்நூறு குறிப்புகளிலிருந்து பெயர்ச்சொற்களை மட்டும் சிறு சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். வாரம் ஒரு நாள் இரண்டு சீட்டு எடுத்து ஐந்து உருபுகளில் இணைத்து, அதில் ஒன்றைப் பத்து நிமிடம் எழுதுங்கள். ‘பூனை, பால்’ போல ஏற்கெனவே நட்பான சொற்கள் வந்தால் திரும்பப் போட்டுவிடுங்கள். அவற்றுக்கிடையே இடைவெளி இல்லை, கற்பனைக்கு வேலையும் இல்லை.

கேள்வி: படநூல் எழுதக் கற்றுக்கொள்ள, வெளிவந்த படநூல்களை எப்படிப் படிக்க வேண்டும்?

பதில்: வாரம் ஒரு நூல், ஐந்து முறை. முதலில் சாதாரணமாக. பிறகு படங்களைத் தாளால் மறைத்துச் சொற்களை மட்டும். அடுத்து சொற்களை மறைத்துப் படங்களை மட்டும். நான்காம் முறை உரக்க. ஐந்தாம் முறை கதையின் சொற்கள் முழுவதையும் கையால் ஒரு தாளில் எழுதி, பக்கம் திரும்பும் இடங்களில் கோடு போட்டு, ஒவ்வோர் இரட்டைப் பக்கத்திலும் (நூலைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரு பக்கங்கள்) எத்தனை சொற்கள் என்று எண்ணுங்கள். உச்சக் கட்டத்தில் சொற்கள் குறைவதைப் பல நல்ல நூல்களில் பார்ப்பீர்கள். சில நூல்களில் அந்த இடத்தில் சொல்லே இருக்காது.

அதன்பின் உங்கள் கதைக்கு டம்மி, அதாவது நூலின் மாதிரிப் படி ஒன்றைக் கையால் செய்யுங்கள். ஏ4 தாள் எட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 32 பக்கம். படநூலுக்கு 32 பக்கம் என்பது அச்சக வசதியால் வந்த கணக்கு. அச்சிட்ட பெரிய தாளை மடித்தால் 16 பக்கத் தொகுதி, அதுதான் ஃபாரம்; இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32. 24, 40 பக்கங்களிலும் நூல்கள் உண்டு, அவையும் எட்டின் மடங்குதான். முதல் பக்கம் தலைப்பு, 2–3 பதிப்பு விவரமும் சமர்ப்பணமும். 4–5 தொடங்கி 30–31 வரை 14 இரட்டைப் பக்கங்கள் கதைக்கு. 32-ஆம் பக்கம் தனியாக மிஞ்சும், கடைசிப் புன்னகைக்கு அருமையான இடம். ஓர் இரட்டைப் பக்கத்துக்கு 35 சொல் என்றால் மொத்தம் 490. உங்கள் கதை 1,200 சொல்லில் இருந்தால், படம் சொல்ல வேண்டியதையும் நீங்களே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ‘சிவப்புச் சட்டை போட்ட பையன்’ என்பதில் சட்டையை ஓவியரிடம் விட்டுவிடுங்கள்.

எழுதியதை வெட்டி டம்மியில் ஒட்டும்போது கோளாறுகள் தாமாகவே வெளிப்படும். கதை பத்தாம் பக்கத்தில்தான் தொடங்கியிருக்கும். ‘கதவைத் திறந்தான்’, ‘உள்ளே ஒரு கரடி’ இரண்டும் ஒரே இரட்டைப் பக்கத்தில் கிடக்கும். கரடி பக்கத்தைத் திருப்பிய பிறகு வர வேண்டும், கதவைத் திறப்பது குழந்தையின் கையாக இருக்க வேண்டும். அடுத்தடுத்து நான்கு இரட்டைப் பக்கங்களில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள், ஓவியருக்கு அங்கே வரைய ஒன்றுமில்லை. நீங்களே படமும் வரைபவர் என்றால் முகத்தை நடுமடிப்பில் வைக்காதீர்கள். பைண்டிங் அதை விழுங்கிவிடும்.

கேள்வி: என் பாட்டுகளில் எதுகை, மோனை எல்லாம் இருக்கிறது. ஆனாலும் குழந்தைகள் பாடும்போது தடுக்குகிறது. ஏன்?

பதில்: நீங்கள் எழுத்தைப் பார்த்து எழுதியிருப்பீர்கள், கை தட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்த நான்கு வரியைத் தட்டிப் பாருங்கள்:

குட்டி யானை நடந்ததாம்
குளத்தில் இறங்கிக் குளித்ததாம்
தும்பிக் கையால் நீரெடுத்துத்
தூரத்திலிருந்த மரத்தின்மேல் தெளித்ததாம்

முதல் மூன்று வரிக்கும் நான்கு தட்டு. குட்டி, யானை, நடந்த, தாம். நான்காவது வரியை நான்கு தட்டுக்குள் திணிக்க முடியாது. எழுதியவர் மட்டும் வேகமாகப் பாடிச் சமாளிப்பார், குழந்தை அங்கே தடுக்கி விழும். ‘தூவித் தூவிச் சிரித்ததாம்’ என்று மாற்றினால் நான்கு தட்டில் வந்துவிடுகிறது, மோனையும் நிற்கிறது. மரம் போனதில் நட்டமில்லை. யானை சிரித்தது புதிதாகக் கிடைத்தது.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. நம் வினைமுற்றுகள் ஒரே மாதிரி முடிவதால் இயைபு இலவசமாக வந்துவிடுகிறது. நடந்ததாம், குளித்ததாம், சிரித்ததாம். அது உழைப்பில்லாமல் கிடைத்த ஓசை, பத்து வரிக்கு நீண்டால் காது சலிக்கும். வரியின் தொடக்கத்தில் எதுகைக்கு உழையுங்கள். குட்டி, தொட்டி, பட்டம் என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வரும்போது பாட்டு துள்ளும். எதுகைக்காகப் பொருந்தாத சொல்லை இழுத்து வந்தால் மட்டும் அந்த வரியை இரக்கமில்லாமல் அடித்துவிடுங்கள்.

பாட்டுக்கும் படித்துக்காட்டும் நூலுக்கும் ‘நீரெடுத்து’ சரி. தானாகப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு ‘நீர் எடுத்து’ என்று பிரித்து அச்சிடுங்கள். புணர்ந்த சொல்லில் தனக்குத் தெரிந்த ‘நீர்’ எங்கே போயிற்று என்று அது தேடும். கொம்பும் அப்படித்தான். ‘கெ’, ‘கே’, ‘கை’ எழுத்துகளில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. அத்தகைய எழுத்துகள் ஒரே வரியில் நெருக்கியடித்தால் புதிய வாசகர் திணறுவார்.

கேள்வி: எனக்கு வரைய வராது. படம் சார்ந்த கைவேலை எனக்கும் தேவையா?

பதில்: தேவை. குறைவான கோட்டில் நிறையச் சொல்வது எப்படி என்று கை கற்றுக்கொண்டால் வாக்கியமும் கற்றுக்கொள்ளும். அழிரப்பர் அச்சிலிருந்து தொடங்குங்கள், ஒரு மாலையில் முடிந்துவிடும்.

மெல்லிய தாளில் 4பி பென்சிலால் (மென்மையான, கருமையாக எழுதும் பென்சில்) அழுத்தி ஓர் உருவம் வரையுங்கள். தாளைக் கவிழ்த்து ரப்பர்மேல் வைத்து நகத்தால் தேயுங்கள். உருவம் இடவலம் மாறி ரப்பரில் பதியும், அச்சிடும்போது நேராக வரும். நேரடியாக ரப்பரில் வரைந்தால் அச்சில் எழுத்துகள் இடவலம் மாறிக் குழப்பமாகிவிடும். வெட்டும்போது கத்தியைக் கோட்டிலிருந்து வெளிப்புறமாகச் சாய்த்து, கோட்டின் அடி அகலமாக இருக்கும்படி வெட்டுங்கள். உள்நோக்கிக் குடைந்தால் மெல்லிய கோடுகள் இரண்டு அச்சிலேயே பிய்ந்துவிடும். கத்தியின் பாதையில் விரல் இருக்கக் கூடாது. கத்தியைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்புங்கள். மைப்பெட்டியில் அழுத்தாமல் மெதுவாகத் தட்டித் தட்டி மை ஏற்றுங்கள். அச்சு திட்டுத்திட்டாக வந்தால் தாளுக்கு அடியில் நாலைந்து செய்தித்தாள் மெத்தையாக வையுங்கள். வழிந்து அப்பினால் மை அதிகம், ஒரு வீண்தாளில் ஒற்றிவிட்டு அச்சிடுங்கள்.

கேள்வி: எந்த வயதுக்கு எழுதுகிறேன் என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

பதில்: வயதுக்கு எழுதாதீர்கள், ஒரு குழந்தைக்குக் கடிதமாக எழுதுங்கள். ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டரின் புகழ்பெற்ற பீட்டர் முயல் கதை, நோயுற்றிருந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு 1893 செப்டம்பர் 4 அன்று அவர் எழுதிய படக் கடிதம்தான். பின்னாளில் அக்கடிதத்தைக் கேட்டு வாங்கி விரித்து எழுதி, 1901-இல் சொந்தச் செலவில் 250 படி அச்சிட்டார். அடுத்த ஆண்டு பதிப்பகம் வெளியிட்டது. கடிதத்தில் அறிவுரை எழுதக் கை கூசும், அதனாலேயே நடை சரியாகும்.

கேள்வி: எழுதியதைக் குழந்தைகளிடம் சோதிப்பது எப்படி? என் பிள்ளைகள் எல்லாவற்றையும் ‘சூப்பர்’ என்கிறார்கள்.

பதில்: உங்கள் பிள்ளைகள் உங்களை நேசிக்கிறார்கள், அதனால் இந்த விஷயத்தில் அவர்கள் தீர்ப்பு உதவாது. உங்களைத் தெரியாத ஐந்தாறு குழந்தைகள் போதும், அவர்களின் பெற்றோர் அனுமதியோடு. படிப்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. உங்கள் குரல் கதையின் ஓட்டைகளை அடைத்துவிடும். வேறொருவரிடம், முன்கூட்டிப் பயிற்சி இல்லாமல், தாளைக் கொடுங்கள். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து இன்னொரு படியில் இரண்டு குறி மட்டும் போடுங்கள்: படிப்பவர் தடுமாறும் இடத்தில் ஒரு புள்ளி, குழந்தைகள் நெளியும் இடத்தில் ஒரு கோடு. புள்ளி வாக்கியத்தின் குறை, கோடு கதையின் குறை. ‘பிடித்திருந்ததா?’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். மறுநாள் அவர்களையே கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் விட்ட பகுதிகளை நீக்கிவிட்டு, அவர்களாகச் சேர்த்ததைக் குறித்துக்கொண்டு, இரண்டாவது டம்மி செய்யத் தாள் மடியுங்கள்.