வெவ்வேறு அளவுப் படங்கள், ஒரே ஷீட்: கிராப் மார்க் கேள்வி பதில்

டிஜிட்டல் பிரஸ்ஸில் லேஅவுட் போடுவது என் வேலை. போட்டோ பிரிண்ட் எடுக்கும்போது கிராப் மார்க், அதாவது வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் சின்னக் கோடு, எங்கே வைப்பது, எப்படி வெட்டுவது என்று கேட்டிருந்தவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, மதுரையில ஸ்டூடியோ வச்சிருக்கேன். கஸ்டமர் ஒரே பென் டிரைவ்ல கேமரா படம், செல்போன் படம், வீடியோவிலிருந்து எடுத்த படம் எல்லாம் கொண்டு வர்றாங்க. எல்லாத்தையும் 4×6 போட்டா யாராவது ஒருத்தர் வெட்டுப்படுறாங்க. மார்க்கை எங்க வைக்கிறது?

மார்க் அப்புறம். முதலில் எந்தப் படம் எவ்வளவு இழக்கும் என்று பாருங்கள். டிஎஸ்எல்ஆர் கேமரா படத்தின் அகல-உயர விகிதம் பெரும்பாலும் 3:2. அது 4×6-ல் அப்படியே உட்காரும். செல்போன் படம் 4:3. 4000×3000 பிக்சல் படத்தை 4×6 ஆக்கினால் உயரம் 2667 ஆகிவிடும், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு காலி. வீடியோ படம் 16:9. அதில் உயரம் தப்பிக்கும், ஆனால் அகலத்தில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு போகும். குரூப் போட்டோவில் ஓரமாக நிற்கிற சித்தப்பா காணாமல் போவது இங்கேதான்.

ஒரு அறுபதாம் கல்யாணப் படம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. செல்போனில் எடுத்தது. சாஃப்ட்வேர் தானாக நடுவில் வைத்து மேலேயும் கீழேயும் சமமாக வெட்டிவிட்டது. மேலே அட்சதை தூவுகிற கை மணிக்கட்டோடு போயிற்று, கீழே வெறும் ஜமுக்காளம் மிச்சம். படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கியிருந்தால் கை முழுசாக வந்திருக்கும். அன்றிலிருந்து எந்த வேலையிலும் தானியங்கி கிராப்பை நான் நம்புவதில்லை. நூறு படம் இருந்தாலும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன்.

சார், டிசைன் படிக்கிறேன். ஒரு ஷீட்ல மூணு நாலு விதமான அளவு வந்தா எப்படி அடுக்குறது? நான் இடம் வீணாகாம ஜிக்சா மாதிரி அடுக்கினேன், கட்டிங் மாஸ்டர் திருப்பி அனுப்பிட்டார்.

அவர் சொன்னது சரி. கட்டிங் மெஷின் கத்தி ஷீட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே வீச்சில் வெட்டும், நடுவில் நிற்காது. ஜிக்சா மாதிரி அடுக்கினால் ஒரு படத்தின் வெட்டுக்கோடு பக்கத்துப் படத்தின் முகத்தில் ஏறும். அதனால் கத்தி போகிற வழியை முதலில் முடிவு பண்ணிவிட்டு, பிறகு படத்தை வையுங்கள்.

நான் செய்வது இதுதான்: எல்லாப் படத்துக்கும் ஒரே உயரம், அகலம் மட்டும் மாறட்டும். உயரம் 3.5 அங்குலம் என்று வைத்தால் 3:2 படம் 5.25 அங்குலம் அகலம் வரும், 4:3 படம் 4.67, 16:9 படம் 6.22, சதுரப் படம் 3.5. விகிதத்துக்காக எந்தப் படத்தையும் வெட்ட வேண்டியதில்லை. 13×19 ஷீட்டில் இப்படி மூன்று வரிசை தாராளமாக நிற்கும். ஒரு வரிசையில் 16:9, 3:2, 4:3 மூன்றையும் வைத்தாலே இடைவெளியோடு சேர்த்து 16.6 அங்குலம்தான். நெட்டுவாக்குப் படங்களை இதில் கலக்காதீர்கள், தனி ஷீட் போடுங்கள்.

இடைவெளியில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரே வரிசையில் படத்துக்கும் படத்துக்கும் நடுவே 6 மி.மீ. போதும், இரண்டு பக்க பிளீடும், அதாவது வெட்டுக்கோட்டைத் தாண்டி வெளியே நீட்டி விடும் படப்பகுதியும், அதை நிரப்பிவிடும். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே 12 மி.மீ. விடுங்கள். ஏனென்றால் அகலம் படத்துக்குப் படம் மாறுவதால் செங்குத்து மார்க்குகள் ஷீட் ஓரத்தில் இருந்து பயனில்லை, அந்தந்த வரிசையின் மேலும் கீழும் இருக்க வேண்டும். மேல் வரிசை பிளீடுக்கு 3 மி.மீ., அதன் மார்க்குக்கு 3, கீழ் வரிசை மார்க்குக்கு 3, அதன் பிளீடுக்கு 3. கணக்கு சரியாகிவிடும்.

எதற்குப் பிறகு எதை வெட்டுவது என்பதையும் மாஸ்டருக்குச் சொல்லிவிடுங்கள். முதலில் அந்த 12 மி.மீ. இடைவெளியின் நடுவில் வெட்டி ஷீட்டை மூன்று பட்டையாக்க வேண்டும். மேல் வரிசைக்கு மேலேயும் கடைசி வரிசைக்குக் கீழேயும் அதே 6 மி.மீ. விட்டு வெட்டிவிட்டால் மூன்று பட்டையும் ஒரே உயரமாக இருக்கும். படத்தின் ஓரத்திலேயே வெட்டினால் செங்குத்து மார்க் குப்பைக்குப் போய்விடும், அதற்கப்புறம் குத்துமதிப்புதான். பட்டையான பிறகு மார்க்கைப் பார்த்துச் செங்குத்தாக வெட்டலாம். கடைசியில் எல்லாத் துண்டையும் தட்டி அடுக்கி, ஒரு பக்கம் 6 மி.மீ. எடுத்துவிட்டுத் திருப்பி, தாள் முட்டி நிற்கும் பின் ஸ்டாப்பை 3.5 அங்குலத்தில் வைத்து ஒரே வெட்டு. உயரம் ஒன்றாக இருப்பதால்தான் இது முடிகிறது. நடுக்கோடுகளுக்கும் ஷீட் ஓரத்தில் குறி வையுங்கள். முதல் வெட்டு கோணினால் கடைசி வெட்டும் கோணும்.

பிளீட் 3 மி.மீ.ன்னு சொல்றாங்க. 3:2 படத்தை 4×6-க்கு வச்சா பிளீட் தானா வந்திடாதா?

வராது. 4×6 என்றால் 101.6×152.4 மி.மீ. நாலு பக்கமும் 3 மி.மீ. சேர்த்தால் 107.6×158.4. இதன் விகிதம் 1.5 இல்லை, 1.47. அதாவது 3:2 படம்கூட பிளீட் சேர்த்த சட்டத்தில் அப்படியே உட்காராது. உயரத்தை நிரப்பினால் நீளம் 161.4 வரும், பக்கத்துக்கு 1.5 மி.மீ. வெளியே போகும். அதுபோக அந்த 3 மி.மீ. பிளீடும் படத்திலிருந்தேதான் வருகிறது. ஓரத்தில் ஒட்டி ஏதாவது இருந்தால் முன்கூட்டியே பாருங்கள்.

மார்க்குக்கும் படத்துக்கும் இடைவெளி பிளீடை விடக் குறையக்கூடாது. இன்டிசைன் லேஅவுட் சாஃப்ட்வேரில் ஆஃப்செட் என்கிற இந்த இடைவெளியை மாற்றாமல் விட்டால் 2.117 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. பிளீட் வைத்தால் மார்க் படத்துக்குள் ஏறிவிடும். அதை 3 ஆக்குங்கள். கோட்டின் தடிமன் 0.25 பாயின்ட் போதும், தடித்த கோட்டில் எந்த ஓரத்தில் வெட்டுவது என்று தெரியாது.

எந்த சாஃப்ட்வேர்ல படத்துக்குப் படம் தனித்தனியா மார்க் வரும்?

பெரும்பாலானவை பக்கத்துக்குத்தான் மார்க் போடும். கேன்வாவில் பிடிஎஃப் பிரிண்ட் எடுக்கும்போது வரும் மார்க் அப்படித்தான். ஜிம்ப் பிரிண்ட் விண்டோவிலும் ஒரு டிக் பாக்ஸ் இருக்கிறது, ஒரு படத்துக்கு அது போதும்.

நான் பிடித்துக்கொண்டது இன்டிசைனோடு வருகிற கிராப்மார்க்ஸ் ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்ட்ஸ் பேனலில் சாம்பிள்ஸ் ஃபோல்டரில் இருக்கும். படங்களை எல்லாம் செலக்ட் பண்ணி, ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனியாக என்று கொடுத்தால் போட்டுவிடும். ஒரு நுணுக்கம்: ஃபிரேம் வெட்டு அளவில் இருக்கும்போதே ஸ்கிரிப்டை ஓட்டுங்கள், அதற்குப் பிறகு ஃபிரேமை நாலு பக்கமும் 3 மி.மீ. பெரிதாக்குங்கள். முதலிலேயே பெரிதாக்கினால் மார்க் பிளீடைச் சுற்றி விழும், பிரிண்ட் 6 மி.மீ. பெரிதாக வெட்டப்படும்.

காசில்லாமல் வேண்டுமானால் இங்க்ஸ்கேப். எக்ஸ்டென்ஷனில் பிரிண்டிங் மார்க்ஸ் இருக்கிறது, பக்கத்துக்குப் பதில் செலக்ஷனுக்கு என்று மாற்றி, படம் படமாக ஓட்ட வேண்டும். லைட்ரூம் கிளாசிக் வைத்திருந்தால் பிரிண்ட் மாட்யூலில் கஸ்டம் பேக்கேஜ் போய் கட்டிங் கைடை கிராப் மார்க்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் போட்டோ 35×45 போட்டேன். வெட்டினா 34×43.6 வருது. மார்க் தப்பா?

மார்க்கில் தப்பில்லை. பிரிண்ட் விண்டோவில் ‘ஃபிட்’ ஆன் ஆகி ஷீட்டே 97 சதவீதமாகச் சுருங்கியிருக்கிறது, மார்க்கும் கூடவே சுருங்கிவிட்டது. ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் கொடுங்கள். பார்டர்லெஸ் பிரிண்டில் இதற்கு நேர்மாறு, கொஞ்சம் பெரிதாகும். பாஸ்போர்ட்டுக்கு அதை வைக்காதீர்கள். ஷீட்டின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு, வெட்டுமுன் ஸ்கேலில் அளந்துவிடுவது என் வழக்கம்.

அக்கா பையன் காதுகுத்துப் படம். ஓரத்தில் ஆட்கள் நிற்கிறாங்க, எந்தப் பக்கமும் வெட்ட முடியாது. ஆனா 4×6 ஃபிரேம் வாங்கிட்டேன்.

படத்தை முழுசாக உள்ளே வைத்து, சுற்றி வெள்ளை விடுங்கள். மார்க் 4×6 தாளின் மூலைக்குத்தான், படத்தின் மூலைக்கு இல்லை. வெள்ளை பார்டர் குறைந்தது 6 மி.மீ. இருக்கட்டும். 2 மி.மீ. பார்டரில் கத்தி அரை மி.மீ. நகர்ந்தாலும் ஒரு பக்கம் கனமாகத் தெரியும்.

மெஷின் இல்லை, வீட்டிலேயே ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும். எப்படி வெட்டுறது?

ஸ்கேலை இரண்டு பக்க மார்க்கிலும் ஒட்டி வையுங்கள், ஆனால் மார்க் மேல் வெட்டாதீர்கள். படத்தின் ஒரு மூலையில் கத்தியை வைத்து அடுத்த மூலையில் நிறுத்துங்கள். மார்க் தாளிலேயே தங்கும், நாலாவது வெட்டு வரை வழிகாட்டும். தாளின் ஓரம் வரை இழுத்துவிட்டால் முதல் வெட்டிலேயே இரண்டு மார்க் துண்டோடு போய்விடும். ஒரே அழுத்தில் வெட்டாமல் மூன்று முறை லேசாக இழுங்கள். ஸ்கேல் படத்தின் மேல் படுத்திருக்கட்டும், கத்தி வெளிப்பக்கம். கை வழுக்கினாலும் கீறல் கழிவில்தான் விழும்.