‘தான்’ இல்லாத மொழியில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பள்ளிப் பேச்சுப் போட்டிகள் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் எடுக்கிறேன். பிள்ளைகள் பிழையில்லாமல்தான் வாசிக்கிறார்கள். ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே சுருதி. கேள்விக்குறி வந்தாலும் அப்படியே, கதையில் ஒருவர் செத்தாலும் அப்படியே. மெமரி போயம் என்றால் கேட்கவே வேண்டாம், வெறும் ஒப்பிப்பு.

சென்ற மாதம் ஒரு பயிற்சியாளர் வந்தார். பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும் என்று போர்டில் எழுதினார். பிறகு வெள்ளைக்காரர் மாதிரி பேசப் பழக்கினார். வகுப்பே சிரித்தது. நன்றாக வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெண், அவர் சொன்னபடியே செய்து காட்டினாள். அன்றிலிருந்து பையன்கள் அவளைப் ‘பீட்டர்’ என்று கூப்பிடுகிறார்கள். இப்போது அவள் வாயே திறப்பதில்லை.

எங்கள் பிள்ளைகள் பலரும் ஓட்டலுக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். இலக்கணத்தோடு நாலு வாக்கியம் பேசினால் போதாதா? இந்த ஏற்ற இறக்கமெல்லாம் தேவையா? தேவையென்றால் எங்கே தொடங்குவது? ஆண்டு விழாவில் அந்தப் பெண்ணை மேடையேற்றலாமா?

– ஓர் ஆசிரியை, கோத்தகிரி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

தேவைதான். ஓட்டலுக்கும் கடைக்கும் போகிற பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை. மேடையில் பேசுகிறவர் ஒரு வரியைத் தப்பான தொனியில் சொன்னால் அடுத்த வரியில் சரிக்கட்டிக்கொள்ளலாம். கல்லாவில் நிற்கிறவருக்குக் கிடைப்பதே ஒரு வரிதான்.

குன்னூரில் டால்பின் நோஸ் போகும் வழியில் ஒரு டீக்கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். கல்லாவில் இருந்த பையனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். டீ குடித்து முடித்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி கார்டை நீட்டினார்கள். மெஷினுக்கு சிக்னல் இல்லை. “யூ வில் பே கேஷ்” என்றான் பையன். சிரித்த முகமாகத்தான் சொன்னான். ஆனால் குரல் ‘கேஷ்’ என்ற சொல்லில் இறங்கி நின்றுவிட்டது. அந்த அம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது. கணவர் நோட்டை எடுத்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். பையன் என் பக்கம் திரும்பி, “காசாத் தருவீங்களான்னுதானே சார் கேட்டேன், எதுக்கு மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போறாங்க?” என்றான்.

அவன் கேட்டது கேள்வி. அவர்கள் காதில் விழுந்தது உத்தரவு. ‘வில் யூ’ என்று சொற்களை மாற்றிப் போட்டிருந்தால் கேள்வி ஆகியிருக்கும். மாற்றாமலே ‘கேஷ்’ஷில் குரலைக் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தாலும் ஆகியிருக்கும். அவன் என்னிடம் தமிழில் சொன்னதைக் கவனியுங்கள்: ‘தருவீங்களா’. கடைசியில் ஒட்டிய அந்த ‘ஆ’தான் கேள்வி. ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த ‘ஆ’ கழன்றுவிட்டது. அதன் இடத்தில் எதை வைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இதே கதை பிரிட்டனிலும் நடந்திருக்கிறது. ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் 1982-ல் வந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். அங்கே ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். இவர்கள் கடுகடுப்பானவர்கள் என்று மேற்பார்வையாளரும் சாப்பிட வந்தவர்களும் நினைத்தார்கள். இத்தனைக்கும் அந்தப் பெண்கள் அதிகம் பேசியதே கிடையாது. இறைச்சி வாங்குகிறவரிடம் குழம்பு வேண்டுமா என்று கேட்க உள்ளூர்ப் பெண்கள் ‘கிரேவி’ என்ற ஒரு சொல்லைக் குரல் உயர்த்திச் சொல்வார்கள். இவர்கள் அதே சொல்லைக் குரல் இறக்கிச் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அது ‘இதுதான் குழம்பு, வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்பது போல இருந்தது. பேச்சைப் பதிவு செய்து இரு தரப்புக்கும் போட்டுக் காட்டினார்கள். ஏதோ சரியில்லை என்று அந்தப் பெண்களுக்கு முன்பே தெரியும், காரணம்தான் பிடிபடவில்லை. குரல் இறங்குவது அவர்கள் இயல்பாகக் கேட்கும் முறை என்று மேற்பார்வையாளர்களும் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். இரண்டு பக்கமும் கற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் பேசுவதில் குற்றம் ஒன்றுமில்லை. கேட்பவருக்கு வேறு பழக்கம் இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது இவர்களுக்கு நல்லது, அவ்வளவுதான்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். தமிழில் தொடங்குங்கள்.

நம் மொழியில் அழுத்தத்துக்கென்றே ஒட்டுகள் இருக்கின்றன. தான், ஏ, ஓ, ஆ, உம். தொல்காப்பியர் இடையியலில் ஏகாரத்துக்கு மட்டும் தேற்றம் (உறுதி), வினா, பிரிநிலை (ஒன்றைப் பிரித்துக் காட்டுவது), எண் (அடுக்கிச் சொல்வது), ஈற்றசை (கடைசியில் வரும் வெறும் அசை) என்று ஐந்து வேலை சொல்கிறார். ஓகாரத்துக்கு ஆறு. ‘நானா சொன்னேன்’, ‘நான்தான் சொன்னேன்’, ‘நானே சொன்னேன்’, ‘நானும் சொன்னேன்’. எழுதி வைத்தாலும் வேறுபாடு அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் இந்த வேலையில் பெரும்பங்கைக் குரல் செய்கிறது. ஆகவே இந்த வேறுபாடெல்லாம் என்னவென்றே அறியாத பிள்ளைகள் என்று நினைத்து நீங்கள் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. எந்தச் சொல்லுக்குக் கனம் வர வேண்டும் என்ற அறிவு அவர்களிடம் முழுசாக இருக்கிறது. அதைக் குரலுக்கு மாற்றுவது மட்டும்தான் புதிது.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘ஐ டிட்ன்ட் டேக் யுவர் அம்ப்ரெல்லா.’ உங்கள் ஊர் மழைக்குப் பொருத்தமான வழக்கு. ‘ஐ’யில் கனம் வைத்தால், எடுத்தது நானில்லை, வேறு யாரோ. ‘டிட்ன்ட்’டில் வைத்தால், எடுக்கவே இல்லை. ‘டேக்’கில் வைத்தால், எடுத்துட்டா போனேன், ஓரமா நகர்த்தித்தானே வச்சேன். ‘யுவர்’இல் வைத்தால், நான் எடுத்தது உன் குடையை இல்லை. ‘அம்ப்ரெல்லா’வில் வைத்தால், எடுத்தேன்தான், ஆனா குடையை இல்லை, ஸ்வெட்டரை.

இதைப் போர்டில் எழுதி விளக்க வேண்டாம். ஒரு பையன் தமிழில் சண்டைக்கு வரட்டும், இன்னொருவன் ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும். “என் குடையை எடுத்தது நீதானே?” என்று கேட்டால் பதிலில் ‘ஐ’ தானாகவே கனக்கும். “அப்ப உன் கையில இருக்கறது யார் குடை?” என்றால் ‘யுவர்’ கனக்கும். நாம் பேசுகிற எந்த வாக்கியமும் கேட்ட அல்லது கேட்காத ஒரு கேள்விக்குப் பதில். கேள்வி மனதில் இருந்தால் அழுத்தம் தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கும். உங்கள் மாணவர்கள் பாடத்தைத் தட்டையாக வாசிப்பதற்குக் காரணம், அந்த வரிகள் யாருக்கும் பதிலாக இல்லை. மெமரி போயத்துக்கும் இதையே செய்து பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வகுப்பு தமிழில் ஒரு கேள்வி கேட்கட்டும்.

வீட்டில் படுக மொழியோ மலையாளமோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். ‘வருவீர்களா’ என்பதைத் தங்கள் மொழியில் எப்படிக் கேட்பார்கள், எந்த இடத்தில் கேள்வி உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களே வகுப்புக்குச் சொல்லட்டும். நீலகிரியில் ஆசிரியராக இருப்பவருக்குக் கிடைக்கிற வசதி இது.

அடுத்த சிக்கல் ஒன்று வரும். அழுத்திச் சொல் என்றால் பிள்ளைகள் கத்துவார்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் என்பது சத்தத்தைவிட, குரல் மேலே கீழே அசைவதிலும் உயிரெழுத்து நீள்வதிலும்தான் அதிகம் இருக்கிறது. நமக்கு நீட்டுவதில் ஒரு தயக்கம் உண்டு. கல்லை நீட்டினால் கால், படத்தை நீட்டினால் பாடம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று அளந்து பழகிய நாக்கு. ஆனாலும் அதே பிள்ளைகள் “பெரீய வீடு”, “ரொம்ம்ப தூரம்” என்று சொல்கிறார்களே. அங்கிருந்து பிடியுங்கள். ‘பெரீய’வில் குரல் செய்கிற காரியத்தை ‘இட்ஸ் எ பிக் ஹவுஸ்’ஸில் உள்ள ‘பிக்’கில் செய்யச் சொல்லுங்கள். உடனே வரும்.

ஒரு சொல்லைத் தூக்கினால் மட்டும் போதாது, பக்கத்துச் சொற்கள் அடக்கி வாசிக்க வேண்டும். இதுதான் நம் பிள்ளைகளுக்குக் கடினம். நாம் எல்லா அசைக்கும் முழு அளவு கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் டு, ஆஃப், ஃபார், கேன் மாதிரியான சிறு சொற்கள் பாதியாகச் சுருங்கிப்போகும். ‘ஐ கேன் கம் டுமாரோ’ என்பதில் ‘கேன்’ கிட்டத்தட்ட ‘க்ன்’ ஆகிவிடும். ‘கான்ட்’ மட்டும் சுருங்காது, முழுசாக நிற்கும். இப்போது உங்கள் மாணவி ஒருத்தி போனில் வேலைக்குப் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐ கேன் கம்’ என்று ‘கேன்’னை முழுசாக உச்சரிக்கிறாள். அமெரிக்கர்கள் ‘கான்ட்’டைக் ‘கேன்ட்’ என்பார்கள், அதன் கடைசி ‘ட்’ பலர் வாயில் சரியாகக் கேட்பதே இல்லை. ஆகவே எதிர்முனையில் இருப்பவர், சொல்லுக்கு அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே முடியும், முடியாது என்று பிரித்துக்கொள்கிறார். இவள் வருகிறேன் என்று சொன்னது வரமாட்டேன் என்று போய்ச் சேரலாம். இந்த ஒரு ஜோடியை மட்டும் ஒரு வாரம் பழக்கினாலும் எனக்கு நிறைவு.

கேள்வி என்றாலே குரலைத் தூக்கச் சொல்லிவிடாதீர்கள். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகள்தான் பொதுவாக ஏறும். வேர், வொய், ஹூ என்று தொடங்குகிறவை பெரும்பாலும் இறங்கித்தான் முடியும். அதேபோல ‘சாரி’ இறங்கினால் மன்னிப்பு, ஏறினால் ‘என்ன சொன்னீங்க?’. ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் ‘சாரி’ தினமும் தேவைப்படும்.

அந்த 7 சதவீதக் கணக்குக்கு வருகிறேன். அதைப் போர்டிலிருந்து அழித்துவிடுங்கள். ஆல்பர்ட் மெராபியன் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் 1967-ல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. ஒன்றில் ஒற்றைச் சொற்களை விருப்பம், வெறுப்பு, இரண்டுமில்லாத தொனி என்று மூன்று விதமாகச் சொல்ல வைத்துக் கேட்டார்கள். மற்றதில் ‘மேபி’ என்ற ஒரே சொல்லை முகப் படங்களோடு சேர்த்துக் காட்டினார்கள். பேசுகிறவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று எதை வைத்து ஊகிக்கிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. உணர்ச்சியையும் மனப்பான்மையையும் பற்றிப் பேசும்போது தவிர வேறெங்கும் இது பொருந்தாது என்று மெராபியனே சொல்லியிருக்கிறார். மேட்டுப்பாளையம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறவருக்கு 93 சதவீதத்தை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியுமா? சொல்லைக் கற்கப் பாடுபடும் பிள்ளைகளிடம் சொல்லுக்கு மதிப்பில்லை என்பது அநியாயம். சொல்லுக்கு மதிப்பு இருப்பதால்தான் அதை எந்தக் குரலில் சொல்கிறோம் என்று இத்தனை கவலைப்படுகிறோம்.

வெள்ளைக்காரர் மாதிரி பேசுவதும் வேண்டாம். நம் ‘ட’வும் ‘ர’வும் நம்முடையதாகவே இருக்கட்டும். அந்த உச்சரிப்போடு உலகம் முழுக்க நர்ஸாகவும் பொறியாளராகவும் நம்மவர்கள் வேலை செய்கிறார்கள். பையன்கள் ‘பீட்டர்’ என்று கேலி செய்தது அந்தப் பெண்ணின் ஆங்கிலத்தை இல்லை என்று நினைக்கிறேன். இன்னொருவராக வேடம் போட அவளைத் தள்ளியதைத்தான் கேலி செய்திருக்கிறார்கள். குடைச் சண்டையில் அந்த வேடம் கிடையாது. அதில் முதல் ஆளாகக் குதிக்கப்போவதும் அதே பையன்கள்தான். அவர்களுக்குக் கிரிக்கெட்டின் ஆங்கில வர்ணனையையும் கொடுங்கள். படத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டு, விக்கெட்டா, ஃபோரா, விட்டுப்போன கேட்சா என்று சொல்லட்டும்.

அந்தப் பெண்ணை உடனே மேடையேற்ற வேண்டாம். வகுப்பு முழுவதும் அவளைப் பார்க்கும்படி வாசிக்கவும் சொல்ல வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவளுக்குக் காது நன்றாக இருக்கிறது. முதலில் அவளைக் கேட்பவளாக உட்கார வையுங்கள். பேசுகிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குடை வாக்கியத்தை எந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொன்னார்கள் என்று அவள் கண்டுபிடிக்கட்டும். அவள் சரியாகச் சொல்லச் சொல்ல, கேலி செய்த பையன்களுக்கே அவள் தீர்ப்பு வேண்டியதாகிவிடும். பிறகு ஒரு தோழியோடு இரண்டு பேராகப் பேசட்டும். போனில் பதிவு செய்தால் அவர்கள் இருவர் மட்டும் கேட்டுவிட்டு அழித்துவிடட்டும், வாட்ஸ்அப்பில் போக வேண்டாம்.

ஆண்டு விழாவுக்குப் பேச்சு வைக்காமல் ஒரு சின்னக் கடைக் காட்சி வையுங்கள். ஊட்டிச் சாக்லேட் கடை, நாலு வரி உரையாடல், நாலு ஜோடிகள். வசனம் மாறாது. ஒரு ஜோடியில் கடைக்காரர் அவசரத்தில் இருக்கிறார், ஒன்றில் வாடிக்கையாளருக்குச் சந்தேகம், ஒன்றில் இருவரும் பழைய நண்பர்கள், ஒன்றில் யாருக்கோ கோபம். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கும் புரியும். அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள், எந்த ஜோடி வேண்டும் என்று அவளே தேர்ந்தெடுக்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த வருடமும் விழா வரும். நான் சனிக்கிழமை வகுப்பில் பயன்படுத்தும் கேள்விச் சீட்டுகளைத் தனி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.