லா பாஸில் ஒரு மழைக்காலம்: சைக்கிள் பயணிகளின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெருவின் புனோவைக் கடந்து டிடிகாக்கா ஏரிக்கரை வழியாகச் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறேன். டிசம்பர் இறுதியில் பொலிவியாவின் லா பாஸை அடைந்து, மழை ஓயும் மார்ச் இறுதிவரை அங்கேயே தங்க எண்ணியுள்ளேன். அவ்வளவு உயரத்தில் மூன்று மாதம் இருந்தால் உடம்பு கெட்டுவிடும் என்று நண்பர்கள் அச்சுறுத்துகிறார்கள். தங்கலாமா?

பதில்: தாராளமாகத் தங்கலாம். சைக்கிளில் வரும் உங்களைப் போன்றவர்களுக்கு லா பாஸ் உண்மையில் ஓர் இறக்கம். டிடிகாக்கா ஏரியே கடல்மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேட்டுச் சமவெளியைக் கடந்து, 4,000 மீட்டருக்கும் மேலே உள்ள எல் ஆல்டோ நகரத்தின் விளிம்பில் வந்து நின்றால், சுமார் 3,640 மீட்டரில் லா பாஸ் ஒரு பெரும் பள்ளத்துக்குள் பரந்து கிடப்பதைக் காண்பீர்கள். பல நாட்கள் ஏரிக்கரையில் உறங்கி எழுந்து வரும் உங்கள் உடல் இந்த உயரத்துக்கு ஏற்கெனவே பாதி பழகியிருக்கும்.

நண்பர்கள் சொல்வதற்கும் ஓர் அடிப்படை உண்டு என்பதால் அதை விளக்கிவிடுகிறேன். இந்த நகரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. உடல் முதலில் வேகமாக மூச்சுவிட்டு ஈடுகட்டப் பார்க்கிறது. அதனால் ரத்தத்தில் காரத்தன்மை ஏற, அதைச் சரிசெய்யச் சிறுநீரகங்கள் சில நாட்கள் உழைக்கின்றன. அதே சிறுநீரகங்கள் எரித்ரோபொயட்டின் என்ற சுரப்பைக் கூட்டி, சிவப்பணுக்களை அதிகமாக உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டுகின்றன. சுரப்பு ஓரிரு நாளிலேயே கூடிவிடும் என்றாலும், சிவப்பணுக்களின் மொத்த அளவு கண்ணுக்குத் தெரியும்படி உயரப் பல வாரங்கள் ஆகும். ஆகவே, மூன்று நாள் தங்கிவிட்டு ஓடும் பயணியைவிட மூன்று மாதம் தங்கும் பயணிக்குத்தான் இந்த உயரம் நன்மை செய்கிறது. இதற்கு இரும்புச்சத்து வேண்டும் என்பதால், ரத்தசோகை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

நண்பர்கள் மனத்தில் வைத்திருப்பது அநேகமாக நாள்பட்ட மலைநோயாக இருக்கும். பெருவின் மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1920-களில் விவரித்த நோய் அது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி ரத்தம் தடித்துப்போவது அதன் அடையாளம். ஆனால் அது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் உயரத்தில் வாழ்பவர்களைத் தாக்குவது. ஒரு பருவம் தங்குபவர் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இதயநோயோ நுரையீரல் நோயோ இருப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் வரக் கூடாது. உயரத்தில் வாழும் உடலைப் பற்றி ஆராய்வதற்கென்றே 1963-இல் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம் லா பாஸிலேயே இயங்குகிறது என்பதையும் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, ஒரே நகரத்துக்குள் பல உயரங்கள் இருப்பதை மறவாதீர்கள். தெற்குப் பகுதியான கலகோட்டோ சுற்றுவட்டாரம் நகர மையத்தைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வானது. அங்கே குளிரும் குறைவு, தூக்கமும் நன்றாக வரும், வாடகைதான் கூடுதல். மையத்தை அடுத்த சோபோகாச்சி பகுதி இரண்டுக்கும் நடுத்தரம். பல சைக்கிள் பயணிகள் காசா டி சிக்லிஸ்டாஸ் எனப்படும் சைக்கிள்காரர் வீடுகளைத் தேடிச் செல்வார்கள். பெருவின் ட்ருஹியோ நகரில் 1985-இல் ஒருவர் தம் வீட்டைத் திறந்துவிட்டதில் தொடங்கி, இன்று லத்தீன் அமெரிக்காவின் பல ஊர்களில் பரவியிருக்கும் விருந்தோம்பல் அது. என் கருத்தில், முதல் வாரத்தை அத்தகைய வீட்டில் கழித்துச் சாலைச் செய்திகளைக் கேட்டறிந்தபின் மாத வாடகைக்கு ஓர் அறை பார்த்துக்கொள்வதே நல்லது. மற்றப் பயணிகளுக்கான இடத்தை மூன்று மாதம் அடைத்துக்கொள்வது முறையன்று.

கேள்வி: அண்ணன் சைக்கிளில் லா பாஸ் வந்துவிட்டார். நான் விமானத்தில் நேராக அங்கே போய் அவருடன் சேர்ந்துகொள்ளப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் அண்ணனைவிட நீங்கள்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர். எல் ஆல்டோ விமான நிலையம் 4,061 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சில மணி நேரத்தில் அங்கே இறங்கும் உடலுக்குப் பழகிக்கொள்ள அவகாசமே இல்லை. முடிந்தால் 2,560 மீட்டரில் உள்ள கோச்சபம்பாவில் சில இரவுகள் தங்கிவிட்டு மேலே வாருங்கள். முடியாவிட்டால் இறங்கியவுடன் தெற்குப் பகுதிக்குப் போய் இரண்டு நாள் எதுவும் செய்யாமல் இருங்கள், மதுவைத் தொடாதீர்கள், மலைநோயைத் தடுக்கத் தரப்படும் அசெட்டசோலமைடு மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைவலி, பசியின்மை, குமட்டல், நள்ளிரவில் மூச்சு நின்று நின்று வருவதுபோல் விழிப்பு ஆகியவை பலருக்கும் வந்து போகும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ நிலைமை வேறு. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கிறது என்று பொருள். அன்றிரவே மருத்துவமனைக்கும் தாழ்வான இடத்துக்கும் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அண்ணனும் இதைத் தெரிந்து வைத்திருக்கட்டும், ஏனென்றால் குழம்பிய நிலையில் இருப்பவருக்குத் தாம் குழம்பியிருப்பது தெரியாது.

கேள்வி: கோகா இலைத் தேநீர் குடிக்கலாமா? சட்டச் சிக்கல் வருமா?

பதில்: பொலிவியாவுக்குள் எந்தச் சிக்கலும் இல்லை. கோகா இலையை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக 2009-ஆம் ஆண்டு அரசியலமைப்பே ஏற்றிருக்கிறது. வெந்நீரில் சில இலைகளைப் போட்டுக் குடித்தால் சற்றுத் தெம்பு வரும். உயரத்துக்குப் பழகுவதை அது விரைவுபடுத்தும் என்று நம்பி மற்ற எச்சரிக்கைகளைக் கைவிடாதீர்கள். எல்லை தாண்டும்போது பைகளில் ஒரு இலைகூட இருக்க வேண்டாம். போட்டிகளில் கலந்துகொள்பவர் தொடவே கூடாது, ஊக்கமருந்துச் சோதனையில் தெரிந்துவிடும்.

கேள்வி: அறையில் நானே சமைக்கிறேன். அரிசி அரைவேக்காடாகவே நிற்கிறது, பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது.

பதில்: லா பாஸில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு தீயைக் கூட்டினாலும் ஆவிதான் போகுமே தவிரச் சூடு ஏறாது. மூன்று மாதத் தங்கலுக்குப் பிரஷர் குக்கர் ஒன்றைச் சந்தையில் வாங்கிவிடுங்கள். அங்குள்ள வீடுகளில் அது சாதாரணமாகப் புழங்கும் பாத்திரம். குடிநீரைக் கொதித்தபின் மூன்று நிமிடம் அடுப்பிலேயே வைத்திருந்தால் கிருமி அச்சம் இல்லை.

அந்த மண்ணின் உணவையும் பழகிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கினோவா என்ற தானியத்தின் சூப், காலையில் மட்டும் சூடாகக் கிடைக்கும், இறைச்சி அடைத்துச் சுட்ட சால்டேனா, கருநீல மக்காச்சோளத்தில் காய்ச்சும் ஆப்பி ஆகியவை சைக்கிள்காரரின் பசிக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். சூன்யோ என்ற உருளைக்கிழங்கு வற்றலை அவசியம் சுவையுங்கள். ஜூன், ஜூலை மாத இரவுகளின் உறைபனியில் கிழங்கைப் பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்து எடுக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் கெடாது, எடையும் குறைவு. இரவு ஊறவைத்தால் மறுநாள் வேகும். அடுத்த கட்டப் பயணத்துக்கு இதைவிட நல்ல கட்டுச்சோறு எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சும்மா இருந்தால் கால் வலுவிழந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அங்கே எப்படிப் பயிற்சி செய்வது? மரணச் சாலைக்குப் போகலாமா?

பதில்: முதல் இரண்டு வாரம் வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓட்டுங்கள்: வாய்விட்டுப் பேச முடிகிற அளவில் மிதித்தால் போதும். பிறகு பள்ளத்திலிருந்து எல் ஆல்டோவுக்கு ஏறலாம். களைத்துப்போன நாளில் அதே ஏற்றத்தை 2014-இல் திறக்கப்பட்ட சிவப்புத் தடக் கேபிள் காரில் பத்து நிமிடத்தில் கடந்து, வியாழனும் ஞாயிறும் கூடும் எல் ஆல்டோ பெருஞ்சந்தையைப் பார்த்து வாருங்கள். பழைய செயின், டயர், கேரியர் என்று தேடுபவருக்கு அங்கே பொழுது போவதே தெரியாது.

உயரம் சைக்கிளுக்கு எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். மெலிந்த காற்று உடலுக்குத் தருவது குறைவு, தடுப்பதும் குறைவு. ஒரு நிமிடத்துக்குள் முடியும் ஓட்டத்தில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் வரும் இழப்பைவிடக் காற்றுத்தடை குறைவதால் வரும் ஆதாயம் பெரிது. அதனால்தான் பிரான்ஸின் ஆர்னோ டூர்னான் 2001-இல் லா பாஸின் ஆல்டோ இர்பாவி சைக்கிள் பந்தயத் தளத்துக்கு வந்து ஒரு கிலோமீட்டரை 58.875 வினாடியில் கடந்து உலக சாதனை படைத்தார். 2007-இல் பிரிட்டனின் கிறிஸ் ஹோய் அதை முறியடிக்க அதே தளத்துக்கு வந்து 58.880 வினாடியில் முடித்தார். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அவரைத் தோற்கடித்தது. ஆனால் சுமையேற்றிய சைக்கிளில் நாள் முழுதும் ஏறுபவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அவருக்குத் தேவை பொறுமையும் சின்னக் கியரும்.

மரணச் சாலைக்கு மழைக்காலத்தில் போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சுமார் 4,650 மீட்டரில் உள்ள லா கும்ப்ரே கணவாயிலிருந்து 1,200 மீட்டரில் உள்ள யோலோசாவரை இறங்கும் வழி அது. 1930-களில் பொலிவியாவும் பராகுவேயும் மோதிய சாக்கோ போரில் சிறைபிடிக்கப்பட்ட பராகுவே வீரர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. இறங்கும் வண்டி பள்ளத்தின் விளிம்பைப் பார்த்துச் செல்லும்படி, நாட்டின் பிற சாலைகளுக்கு மாறாக அங்கே இடப்பக்கமாகச் செல்வது வழக்கம். 2006-இல் புதிய சாலை திறந்தபின் லாரிகள் குறைந்துவிட்டன. ஆனால் மூடுபனி, மண்சரிவு, வழுக்கும் கற்கள் எதுவும் குறையவில்லை. மே மாதத்துக்குப் பிறகு, பிரேக் கட்டைகளை மாற்றிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மார்ச் இறுதியில் புறப்பட்டு உயுனி உப்புவெளியைக் குறுக்கே கடந்து சிலிக்குப் போக விரும்புகிறேன். சரியான காலமா?

பதில்: இன்னும் ஒரு மாதம் பொறுப்பது நல்லது. பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த அந்த உப்புவெளியில் மழை ஓய்ந்த பின்னும் நீர் தேங்கியிருக்கும். மே மாதத்தில்தான் தரை நம்பிக்கையோடு ஓட்டும்படி இறுகும். காத்திருக்க மனமில்லை என்றால் ஒருரோ, போட்டோசி, சுக்ரே என்று தார்ச்சாலையில் ஒரு சுற்றுச் சுற்றி உயுனிக்கு வந்து சேருங்கள். 4,000 மீட்டரைத் தாண்டிய போட்டோசியில் உங்கள் மூன்று மாதத் தங்கலின் பலனை ஒவ்வொரு தெருவிலும் உணர்வீர்கள். உப்பு நீரில் ஒரு நாள் ஓட்டினாலே செயினும் பேரிங்கும் அரிக்கத் தொடங்கும். அதனால் வறண்ட பின்பே உப்பில் இறங்குங்கள், வெளியேறிய அன்றே நல்ல தண்ணீரில் சைக்கிளை முழுதும் கழுவி, செயினைத் துடைத்துப் புது எண்ணெய் இடுங்கள்.