தையல் கூடத்துக்கு மசாஜ் வேண்டுமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ரெடிமேட் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். 22 பேர், பெரும்பாலும் பெண்கள். மத்தியானம் தாண்டினால் கழுத்து வலி, தோள் வலி என்கிறார்கள். மசாஜ் செய்பவரை வரவழைத்தால் பலன் இருக்குமா?

பதில்: இருக்கும். ஊசிமுனையைப் பார்த்துத் தலை குனிந்தே இருப்பதால் பின்கழுத்தும் தோள்மேட்டுத் தசையும் மணிக்கணக்கில் இறுகிக் கிடக்கின்றன. அழுத்தி நீவினால் அந்த இறுக்கம் தளரும். வேலைக் கவனமும் கூடலாம்: 1996-இல் வெளியான மயாமி பல்கலைக்கழக ஆய்வில், வாரம் இருமுறை 15 நிமிடம் நாற்காலி மசாஜ் பெற்றவர்கள் கணக்குகளை வேகமாகவும் பிழை குறைவாகவும் போட்டார்கள்.

எண்ணெய் வேண்டாம், துணியில் கறை படும். உடுத்திய உடைக்கு மேலேயே செய்யலாம். மேஜையில் இரண்டு தலையணை அடுக்கி, நெற்றியைச் சாய்த்து உட்கார வையுங்கள். முதுகெலும்பின் இரு பக்கமும் உள்ளங்கையால் 2 நிமிடம், தோள்மேட்டைப் பிடித்துவிட 5, மண்டையோட்டின் அடி விளிம்பில் 3, முழங்கைக்குக் கீழே ஒவ்வொரு கைக்கும் இரண்டரை நிமிடம். முடிச்சு தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலை 10 விநாடி ஊன்றினால் போதும். பல்லைக் கடிக்கிற அளவுக்கு அழுத்தினால் மறுநாள் வலி கூடும். எலும்பின் மேலும் கழுத்தின் முன்பக்கமும் கை படக் கூடாது. சலூனில் செய்வதுபோலக் கழுத்தில் நெட்டி எடுக்க விடவே விடாதீர்கள். அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்துவிடும்.

காய்ச்சல், தோல் புண், ஒரு காலில் மட்டும் வீக்கம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை என்றால் மசாஜ் கூடாது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும். விரல் மரத்துப்போகிறது என்பவரை முதலில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அது நரம்பு அழுந்துவதாக இருக்கலாம்.

ஒரே ஆள் ஒரே நாளில் 22 பேருக்கும் செய்தால் கடைசி ஆட்களுக்குக் கை ஓய்ந்துபோயிருக்கும். ஒரு நாளைக்கு 11 பேர், ஆளுக்கு இடைவெளி சேர்த்து 20 நிமிடம் என்று பிரித்தால் 3 மணி 40 நிமிடத்தில் முடியும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். பெண்களுக்குப் பெண்ணே செய்யட்டும். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள்.

பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு அந்த 20 நிமிடக் கூலியையும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வலியோடு தைத்துக்கொண்டே இருப்பார்கள், எழுந்து வர மாட்டார்கள்.

மசாஜின் சுகம் ஓரிரு நாள்தான். வலிக்குக் காரணம் ஸ்டூல். முழங்கை மேஜை மட்டத்துக்கு வருமளவு உயர்த்துங்கள். தாழ்வாக இருந்தால் தோளைத் தூக்கியபடியே தைக்க வேண்டிவரும். ஊசிக்கு அருகே ஒரு எல்.இ.டி. விளக்கும் போடுங்கள். இருட்டுக் கூடத்தில் யாராக இருந்தாலும் குனியத்தான் செய்வார்கள்.

கேள்வி: மண்ணடியில் கிளியரிங் ஆபீஸ். மசாஜ் நாற்காலி மெஷின் வாங்கிப் போடலாமா?

பதில்: கீபோர்டில் அடித்து அடித்து முன்கை வலிப்பவர்களுக்குப் பெரிதாக உதவாது, பல மெஷின்களில் உருளை முதுகோடு நின்றுவிடும். எலும்புத் தேய்மானம் உள்ள வயதானவர்களுக்கு அழுத்தமும் அதிகம். அந்தப் பணத்தில் மானிட்டரைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, மாதம் இருமுறை ஆளை வரவழையுங்கள்.