குளிர் நாட்டில் ஹைட்ரேஞ்சியா இலையாகவே நிற்கிறது, பூக்க வைப்பது எப்படி?

பனி கொட்டும் ஊர், செடி தளதளவென்று இருக்கிறது, மூன்று வருடமாக ஒரு பூ இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள். ஐப்பசி கார்த்திகையில் யாராவது அதை வெட்டிவிடுகிறார்களா? ஊரிலிருந்து வந்த அப்பாவோ மாமனாரோ? சிரிக்க வேண்டாம், என் மகள் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் மல்லி, மீதி மஞ்சளும் வாழையும். படித்தவர்கள் வந்து திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். "அமெரிக்கா போய் வந்ததைச் சொல்லிக் காட்டுகிறான்" என்று எழுதப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: போனது பேரனைப் பார்க்க. ஆறு மாதத்தில் நான் பார்த்த அமெரிக்கா ஒரு புல்தரையும் ஒரு மளிகைக் கடையும்தான்.

மகள் இருப்பது சிகாகோவுக்கு வெளியே. 2018 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தோம். வாசல் படியோரம் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஹைட்ரேஞ்சியா செடி, தேங்காய் தேங்காயாக இளஞ்சிவப்புப் பூ. குன்னூர் ரோட்டோரத்தில் நீலமாகப் பார்த்திருந்த அதே பூதான். தேயிலை விளைகிற புளிப்பு மண்ணில் நீலமாகவும் சுண்ணாம்பு மண்ணில் சிவப்பாகவும் வரும். "இந்த வருஷம்தாம்ப்பா மொதமொதல்ல பூத்திருக்கு" என்று மகளுக்கு ஒரே பெருமை.

அக்டோபர் கடைசியில் பூவெல்லாம் காய்ந்து காகிதமாகிவிட்டது. ஒரு ராத்திரிப் பனியில் இலைகள் கருகித் தொங்கின. வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கிற மல்லிக்காரன் கண்ணுக்கு அது கவாத்துக்குக் காத்து நிற்கிற செடியாகத்தானே தெரியும்? எங்கள் பக்கம் கார்த்திகையில் மல்லிக்குத் தண்ணீரை நிறுத்தி, முழங்கால் உயரத்துக்கு வெட்டி, எரு வைத்துத் தண்ணீர் விட்டால், மாசி பங்குனியில் புதுத்துளிரில் மொட்டு கொத்துக் கொத்தாக வரும். முப்பது வருடப் பழக்கம். மாப்பிள்ளையின் கார் ஷெட்டில் கத்திரி இருந்தது. ஒரு சாண் விட்டுவிட்டு மீதியை நறுக்கி, பையில் கட்டி வைத்து, வாசலையும் கூட்டிவிட்டேன்.

சாயங்காலம் காரை விட்டு இறங்கிய மகள் "அப்பா..." என்றாள். அதற்கு மேல் பேசாமல் உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை, "பரவாயில்லீங்க மாமா, எப்படியும் குளுருக்குக் காயறதுதானுங்களே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எதிர் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. மறுநாள் காலையில் வந்து, பையிலிருந்து ஒரு குச்சியை உருவினார். நுனியில் இருந்த பருத்த மொட்டைக் கிள்ளி, கட்டைவிரல் நகத்தால் நெடுக்காகப் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். காலிபிளவரைக் கடுகளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படிப் பச்சையாக ஒரு கொத்து. அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய பூ! மகள் தமிழில் எடுத்துச் சொல்லும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். மேக்ரோபில்லா என்கிற பெரிய இலை ஹைட்ரேஞ்சியா, கோடை முடிந்து குளிர் எட்டிப் பார்க்கும்போதே பழைய குச்சியில் அடுத்த வருடப் பூவைக் கருக்கட்டி வைத்துக்கொள்கிறது. அந்தக் குச்சி பனிக்காலம் முழுக்க உயிரோடு நின்றால்தான் பூ. கத்திரி பட்டாலும் போச்சு, கடுங்குளிர் பட்டாலும் போச்சு, மான் வந்து நுனியைக் கடித்தாலும் போச்சு. வேருக்கு ஒன்றும் ஆகாது. அடியிலிருந்து புதுத் தண்டு கிளம்பித் தளதளவென்று இலை விடும். நீங்கள் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும்.

என் பங்குக்கு ஒரு நியாயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு முன்னால் நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். 2019 ஜனவரி 30 அன்று சிகாகோவில் பூஜ்யத்துக்குக் கீழே 31 டிகிரி செல்சியஸ். நான் கை வைக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் குச்சிகள் பிழைத்திருக்காது. அந்தத் தெருவிலேயே யாரும் வெட்டாமல் விட்ட செடிகளும் அந்தக் கோடையில் இலையாகத்தான் நின்றனவாம். ஆனால் மூடி வைத்திருந்த எதிர் வீட்டு அம்மாவின் செடியில் ஏழெட்டுப் பூ வந்தது என்று மகள் போட்டோ அனுப்பினாள். அதைப் பார்த்தபின் நியாயம் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

அதே தெருவில் இன்னொரு வீட்டில் மார்ச் மாதம் தரையோடு வெட்டிவிட்ட செடி வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தள்ளியது. அதுவும் ஹைட்ரேஞ்சியாதான், ஆனால் அன்னபெல் என்கிற வேறு வகை. அந்த வகையும், லைம்லைட் மாதிரியான பேனிகுலேட்டா வகைகளும் எங்கள் மல்லியைப் போல, புதுத்துளிரில் பூப்பவை. மைனஸ் 35ஐக்கூடத் தாங்கும் என்கிறார்கள். உங்களுக்குப் பூ வேண்டும், மெனக்கெட முடியாது என்றால் அதை வாங்கி வையுங்கள், இந்தப் பதிலில் மீதி உங்களுக்குத் தேவையில்லை. இரண்டுங்கெட்டானாக எண்ட்லெஸ் சம்மர் என்று ஒன்று 2004 முதல் விற்பனையில் இருக்கிறது. பழைய குச்சியிலும் பூக்கும், புதியதிலும் பூக்கும். ஆனால் கோடை குறுகிய ஊரில் புதுத்தண்டுப் பூ வந்து சேர்வதற்குள் மறுபடி பனி வந்துவிடும், அதையும் மூடுவதே நல்லது.

மூடும் விதம்: 2022 அக்டோபரில் மறுபடி போனபோது நானே செய்தேன். அப்போது ஆறு வயதாகியிருந்த பேரன், "அப்புச்சி, கத்திரி வேண்டாம்" என்று பின்னாலேயே நின்றான். பல்லடம் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பட்டறை போடுவார்களே, காற்றும் போக வேண்டும், ஈரமும் நிற்கக் கூடாது, அதே கணக்கு. செடியைச் சுற்றி நாலு குச்சி நட்டு, கோழி வலையை வட்டமாகக் கட்டி, இலையெல்லாம் கொட்டிய பிறகு நவம்பர் நடுவில் உள்ளே காய்ந்த சருகைக் குச்சி நுனி மறையும்வரை நிரப்பினேன். ஓக் சருகு விறைப்பாக நிற்கும். மேப்பிள் நனைந்தால் அப்பளமாக ஒட்டி அழுகவிடும். வெளியே சாக்கு சுற்றினோம். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். தொட்டிச் செடியென்றால் இத்தனை பாடு இல்லை, சூடு போடாத கார் ஷெட்டுக்குள் தள்ளி, மண் ஒரேயடியாகக் காய்ந்துபோகாமல் எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் காட்டினால் போதும்.

2023 ஜூலையில் பதினொரு பூ. மாப்பிள்ளை எண்ணி அனுப்பினார்.

அப்புறம் உரம். புல்தரைக்குப் போடும் தழைச்சத்து உரம் ஓரத்துச் செடிக்கும் போய்ச் சேரும், இலை கறுகறுவென்று வரும், பூவுக்கு அது உதவாது. உரம் என்றதும் எங்கள் பக்கத்து உரக்கடை ஒன்று ஞாபகம் வருகிறது. யூரியா கேட்டால் கூடவே ஒரு டப்பா நுண்ணூட்டத்தைத் தலையில் கட்டாமல் மூட்டை தரமாட்டார். பில் கேட்டால் வெள்ளைத் தாள். மல்லி கிலோ ஆயிரத்தைத் தாண்டியது என்று டிவியில் சொல்லும் மார்கழியில் நம் செடியில் பூ இருக்காது, பூ கொட்டுகிற பங்குனியில் பறிகூலிக்கே காணாது, இதில் அந்த டப்பா வேறு. சரி, அதை விடுங்கள், உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

காலை வெயில் நாலு மணி நேரமாவது விழ வேண்டும், மத்தியானம் நிழல் இருந்தால் நல்லது. முழு நிழலில் எதைச் செய்தாலும் பலன் இருக்காது. வசந்தத்தில் முதல் வெயிலைப் பார்த்ததும் சருகை உருவிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே துளிர்த்திருக்கும் மொட்டை ஒரு ராத்திரி உறைபனி முடித்துவிடும். ஏப்ரலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, உறைபனி பயம் போனபின் முழுக்க எடுங்கள், அதற்கு மே நடுப்பகுதிகூட ஆகலாம். காய்ந்ததுபோலத் தெரியும் குச்சியையும் அவசரப்பட்டு வெட்டவேண்டாம். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

உங்கள் செடியில் இப்போது இலை எங்கிருந்து வந்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள். போன வருடக் குச்சி மொட்டையாகக் காய்ந்து நிற்க, எல்லாம் மண்ணிலிருந்து கிளம்பியிருந்தால் குளிரோ கத்திரியோ. குச்சியின் பக்கவாட்டில் துளிர்த்து நுனி மட்டும் கருகியிருந்தால் பிந்திய உறைபனி. குச்சி முழுக்க உயிரோடு இருந்தும் பூ இல்லையென்றால் நிழலும் உரமும். எது என்று பார்த்துக் கீழே எழுதுங்கள், வெட்டிய ஆள் யார் என்பதையும்.