விட்டுப் பிடித்த கதை

கேள்வி: 'ஐ சா தி டெவில்' என்ற கொரியப் படம் பார்த்தேன். ரத்தம் கொஞ்சம் ஓவர்தான், ஆனாலும் பழிவாங்கும் படம் என்றால் இதுதான். வில்லனைப் பிடித்ததும் கொல்லாமல் ஹீரோ விட்டு விட்டுப் பிடிக்கிறார் பாருங்கள், அங்கே நிற்கிறார்! லாஜிக் எல்லாம் பார்க்கக் கூடாது. நீங்கள் பார்த்தாயிற்றா? – கே.எஸ்., திருச்செங்கோடு

பதில்: பார்த்தாயிற்று. 2010-ல் வந்த படம் ஐயா, இந்நேரம் அந்தப் பிசாசுக்குப் பேரன் பிறந்திருக்கும்.

"விட்டு விட்டுப் பிடிக்கிறார்" என்று எழுதினீர்களே, அங்கேதான் நானும் நிற்கிறேன். பட்டம் விடுகிறவன் விட்டுப் பிடிப்பான். தூண்டில்காரன் விட்டுப் பிடிப்பான். புடவைக் கடையில் விலை கேட்டுவிட்டு நாலு எட்டு நடந்து, "சரி, வாங்கம்மா" என்ற குரலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு போகிற அம்மாளும் விட்டுத்தான் பிடிக்கிறார். மூவர் கையிலும் நூல் இருக்கிறது. (அம்மாளின் நூல், கடைக்காரருக்கு இன்னும் போணி ஆகவில்லை என்கிற தகவல்.) நூல் இல்லாமல் விட்டால் அதற்குப் பெயர் கோட்டை விடுவது.

இயக்குநர் கிம் ஜீ-வூன் தன் ஹீரோ லீ ப்யுங்-ஹன் கையில் கொடுத்த நூல் ஒரு மாத்திரை. படம் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி: ஹீரோ உளவுத்துறை ஆள். அவர் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணைப் பனி கொட்டும் இரவில் கொன்றவன் சோய் மின்-சிக், டியூஷன் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் டிரைவர். ஹீரோ இரண்டு வாரம் லீவு போட்டுத் தேடிப் பிடிக்கிறார். அடித்து நொறுக்கி, மணிக்கட்டை உடைத்து, மயங்கிக் கிடப்பவன் தொண்டையில் ஒரு கேப்சூலைத் தள்ளி, பக்கத்தில் பணத்தையும் வைத்துவிட்டுப் போகிறார். கேப்சூலுக்குள் ஜிபிஎஸ், மைக் இரண்டும் இருக்கின்றனவாம்.

லாஜிக் பார்க்கக் கூடாதா? எனக்கு வேறு என்ன வேலை?

விழுங்கும் கருவி நிஜத்தில் உண்டு. குடலைப் படம் பிடிக்க மருத்துவமனைகளில் கொடுக்கும் கேப்சூல் சுமார் 26 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் குறுக்களவு. கேமரா, குட்டி விளக்கு, பட்டன் பேட்டரி எல்லாம் அதற்குள்ளேயே. பேட்டரி 8 மணி நேரம் ஓடும், நல்ல ரகமென்றால் 12. எடுத்த படத்தை அது ஊருக்கு அனுப்புவதில்லை. நோயாளியின் இடுப்பில் கட்டிய பெட்டிக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான்; அதற்கே பாவம் மூச்சு வாங்குகிறது. ஜிபிஎஸ் சமாச்சாரம் இன்னும் மோசம். செயற்கைக்கோள் இருப்பது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து வரும் சிக்னல் சுரங்கப் பாதைக்குள் நுழைந்தாலே போனில் மேப் திருதிருவென முழிக்கிறது. மனித உடம்போ பெரும்பாலும் தண்ணீர், இந்த அலைவரிசையைத் தண்ணீர் அப்படியே குடித்துவிடும். சிறுகுடலுக்குள் உட்கார்ந்துகொண்டு ஆகாயத்தைப் பார்க்கச் சொன்னால் எப்படி? போகட்டும், பார்த்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பார்த்ததை ஹீரோவுக்குச் சொல்ல செல்போன் போல ஒரு ஒலிபரப்பியும் அதற்குள் வேண்டும். பட்டன் பேட்டரி அதற்குத் தாங்காது, பொழுது விடிவதற்குள் செத்துவிடும்.

மைக் பற்றிச் சொல்லவே வேண்டாம். வில்லன் யாரோடு பேசுகிறான், என்ன திட்டம் போடுகிறான் என்று ஹீரோ இயர்போன் மாட்டிக்கொண்டு முகம் இறுகக் கேட்கிறார். குடலுக்குள் இருக்கும் மைக்கில் முதலில் கேட்பது குடல்தான். கடமுடா, கொளகொள, நடுவில் ஒரு நீண்ட பெருமூச்சு. வில்லன் ராத்திரி மொச்சைக் கொட்டை சாப்பிட்டிருந்தால் ஹீரோ இயர்போனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழியே வேண்டாமென்று ஊருக்குப் போயிருப்பார்.

இன்னொரு கணக்கும் இடிக்கிறது. உள்ளே போனது வெளியே வந்தாக வேண்டும். ஆரோக்கியமான ஆளுக்கு ஒரு நாளிலிருந்து மூன்று நாள். லீவு இரண்டு வாரம், நூல் மூன்று நாள்!

இந்த ஓட்டையைப் படத்தில் கண்டுபிடிப்பது வில்லன்தான். அவன் மயக்கத்தில் கிடக்கிறான் என்று நினைத்து ஹீரோவின் சகா பக்கத்திலேயே கருவியைப் பற்றிப் பேசிவிடுகிறார். உளவுத்துறை! வில்லன் மருந்துக்கடைக்குப் போய் பேதி மருந்து எடுக்கிறான். விளக்கெண்ணெய் என்றால் 2 முதல் 6 மணி நேரம் ஆகும், பிசகோடில் மாத்திரை என்றால் 6 முதல் 12. படத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆனாலும் மொத்தப் படத்திலும் நான் முழுதாக நம்பிய காட்சி அதுதான். வெளியே வந்ததை இன்னொரு அப்பாவியிடம் சேர்த்துவிடுகிறான். ஹீரோ நூலைச் சுண்டினால் வேறு பட்டம் வருகிறது.

இனி நீங்கள் கைதட்டிய இடத்துக்கு வருகிறேன். விட்டதற்கும் பிடித்ததற்கும் நடுவில் என்ன நடக்கிறது? டாக்ஸியில் கேமரா சுற்றிச் சுற்றி வர இரண்டு பேரைக் குத்துகிறான். அவர்களே கொலைகாரர்கள், கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் கிளினிக் நர்ஸ் என்ன பாவம் செய்தார்? மருந்துக்கடைக்காரர்? கடைசியில், ஹீரோ கட்டிக்கொள்ள இருந்த பெண்ணின் வீட்டுக்கே போகிறான். தகப்பனார் அடிபட்டுச் சாய்கிறார், தங்கை கொல்லப்படுகிறாள். "போதும், நிறுத்துங்கள்" என்று ஹீரோவிடம் கெஞ்சியவள் அவள்தான். முதல் தடவை பிடித்தபோதே போலீஸில் கொடுத்திருந்தால் இத்தனை பேரும் தப்பியிருப்பார்கள். படம் இந்தக் கணக்கை ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறது. 'மாஸ்' என்று கத்தியதில் உங்கள் காதில் விழவில்லை.

தென்கொரியத் தணிக்கைக்காரர்களும் ரத்தத்தைத்தான் எண்ணினார்கள். 'கட்டுப்படுத்தப்பட்ட திரையிடல்' என்ற முத்திரையை இரண்டு தடவை குத்தினார்கள். அதற்கென்று உள்ள தனி அரங்கில் மட்டும் ஓட்டலாம், அப்படி அரங்கு நடைமுறையில் கிடையாது. ஆக, தடை என்று சொல்லாத தடை. மூன்றாம் தடவைக்குள் ஒன்றரை நிமிடம்போல வெட்டியபின் வழிவிட்டார்கள். சுமார் இரண்டரை மணி நேரப் படத்தில் ஒன்றரை நிமிடம் போனதும் பிசாசு சாதுவாகிவிட்டது போலும்.

கொரியா என்று எழுதியதும், தமிழுக்கும் கொரிய மொழிக்கும் உறவு என்று சொல்லும் அப்பா-அம்மா சங்கத்தார் பேனாவைத் திறந்திருப்பார்கள். அங்கேயும் அப்பா அப்பாதான், கொரிய மன்னனை மணக்கக் கடல் கடந்து போன ராணி நம் ஊர்தான் என்று. 13-ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலான 'சம்குக் யூசா' அந்த ராணியின் ஊரை 'அயுதா' என்கிறது. அது அயோத்தி என்று ஒரு கூட்டம், நம் ஆய் நாடு என்று இன்னொரு கூட்டம். மூன்று வருஷமாக இந்தப் பக்கத்தில் மல்லுக்கு நிற்கிறோம். இன்று அவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். படத்தின் கொரியத் தலைப்பு 'அங்மாருல் பொஆத்தா'. அங்மா என்றால் பிசாசு, பொஆத்தா என்றால் பார்த்தது. 'நான்' என்ற சொல்லே அதில் இல்லை, ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டது. தமிழில் கண்டேன், கண்டாய், கண்டான் என்று விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கொரிய வினை காட்டிக்கொடுக்காது. பிசாசைப் பார்த்தது யார்? கொன்றவனா, துரத்தியவனா, டிக்கெட் எடுத்த நாமா? இந்தத் தலைப்பை விகுதி போடாமல் தமிழில் எழுதி அனுப்புங்கள். அஞ்சலட்டை போதும், பதினாறு பக்கக் கடிதம் வேண்டாம்.