ஒரு மாதத்தில் 20 கிலோமீட்டர்: நாயை விடலாமா?

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 14 மாதம் ஆகிறது. ஆண் நாய், ஓடுவதென்றால் உயிர். இன்னும் 3 மாதத்தில் 20 கிலோமீட்டர் தாங்குதிறன் தேர்வு வருகிறது. சைக்கிளோடு 6 கிலோமீட்டர் வரை நன்றாக வருகிறான், அதற்கு மேல் பின்தங்குகிறான். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு முன்கால்களிலும் அடித்தோல் உரிந்துவிட்டது. ஒரு பயிற்சியாளர், "ஒரு மாதம் என்னிடம் விடுங்கள், சான்றிதழோடு திருப்பித் தருகிறேன்" என்கிறார். விடலாமா?

பதில்: விடாதீர்கள். 3 மாதத்தில் வரும் அந்தத் தேர்வுக்கும் போகாதீர்கள். அடுத்த சுற்றுக்குப் பெயர் கொடுங்கள்.

நீங்கள் சொல்வது ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்போர் 'ஏ.டி.' என்று சுருக்கமாகச் சொல்லும் தேர்வு என்று எடுத்துக்கொள்கிறேன். சைக்கிளின் வலப்பக்கத்தில் நாய் ஓட வேண்டும். மொத்தம் 20 கிலோமீட்டர், வேகம் மணிக்கு 12 முதல் 15. முதலில் 8 கிலோமீட்டர், 15 நிமிட ஓய்வு. பிறகு 7 கிலோமீட்டர், 20 நிமிட ஓய்வு. கடைசி 5 கிலோமீட்டர் முடிந்ததும் இன்னொரு 15 நிமிடம். குறைந்தபட்ச வயது 16 மாதம். மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவுதான். நாய் கொஞ்சம் முன்னால் இழுத்தால் குற்றமில்லை, தொடர்ந்து பின்தங்கினால் தோல்வி. ஓய்வு நேரங்களில் நடுவர் களைப்பையும் பாதங்களையும் பார்ப்பார். அடித்தோல் தேய்ந்து புண்ணான நாய் அங்கேயே வெளியே.

உங்களுடையது அந்த இரண்டு இடத்திலும் இப்போதே மாட்டியிருக்கிறது. பயிற்சி தொடங்கியதும் மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசை அதற்குப் பின்னால் வரும். தசைநார், எலும்பு, பாதத்தோல் மூன்றும் மாதக்கணக்கில்தான் கெட்டிப்படும். "ஒரே மாதத்தில் தயார்" என்று வியாபாரம் செய்பவர்கள் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறார்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் நாய் இரைக்காமல் ஓடுவதைக் காட்டுவார்கள், பார்க்கிற உங்களுக்கும் பூரிப்பாக இருக்கும். முழங்கையும் பாதமும் என்ன நிலையில் இருக்கின்றன என்பது அந்த ஓட்டத்தில் தெரியாது.

அந்த ஒரு மாதத்தில் நடப்பதென்ன? பெரும்பாலும் ட்ரெட்மில், இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிளில் கட்டி ஓட்டுவது. ட்ரெட்மில்லின் பட்டை வழவழப்பானது, சூடாகாது, கல்லும் முள்ளும் அதில் இல்லை. அதில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் பாதத்தோல் தார்ச்சாலைக்குத் தயாராகாது. மோட்டார் சைக்கிளோ நாயின் வேகத்துக்கு வராது, நாய்தான் அதன் வேகத்துக்குப் போக வேண்டும். தேர்வன்று காலையில் நொண்டல் தெரியாமலிருக்க வலிநிவாரணி ஊசி போடும் ஆட்களும் உண்டு. வலி மறைந்த மூட்டில் 20 கிலோமீட்டர் ஓடினால், சான்றிதழ் அவர் கைக்குப் போகும், மூட்டுத் தேய்மானம் உங்கள் வீட்டுக்கு வரும். எந்த மருந்தானாலும் உங்கள் கால்நடை மருத்துவர் எழுதித் தந்தது மட்டும்தான். மனிதர்களுக்கான இபுப்ரோஃபென் மாத்திரையை யாராவது நீட்டினால் அந்த ஆளோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், அது நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இனி, ஏன் பின்தங்குகிறான் என்று பார்ப்போம். முதல் சந்தேகம் நாய் மேல் அல்ல, உங்கள் சைக்கிள் மேல். வேகமானி இல்லாமல் மிதிப்பவர்கள் தெரியாமலேயே 17, 18-ஐத் தொட்டுவிடுவார்கள். ஒரு கிலோமீட்டருக்கு 4 முதல் 5 நிமிடம், இதுதான் கணக்கு. பயிற்சியில் 5 நிமிடத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வேகத்தில் ஷெப்பர்ட் 'ட்ராட்' என்னும் ஓட்டத்தில் போகும். இடது முன்காலும் வலது பின்காலும் ஒன்றாக, அடுத்து வலது முன்காலும் இடது பின்காலும் ஒன்றாக. சுமை இரு பக்கமும் சமமாக விழுவதால் இதில் நீண்ட தூரம் போகலாம். வேகம் கூடினால் நாலுகால் பாய்ச்சலுக்கு மாறும், 6 கிலோமீட்டரில் அவன் எண்ணெய் தீர்ந்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து நகர ஆரம்பித்தால் அவன் களைத்துவிட்டான், அல்லது முதுகிலோ காலிலோ வலிக்கிறது. அன்றைக்கு ஓட்டம் அதோடு சரி.

வேகத்தைச் சரிசெய்த பிறகும், குளிர்ந்த அதிகாலையில், மண் பாதையில், அதே 6 கிலோமீட்டரில் பின்தங்கினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. முன்காலை ஊன்றும்போது தலை மேலே தூக்கிப் போடுகிறதா? மறுநாள் காலை எழுந்ததும் முதல் பத்தடி விறைப்பாக நடக்கிறானா? இவை முழங்கை மூட்டின் அறிகுறிகளாக இருக்கலாம். இவை இல்லாவிட்டாலும், தூரத்தைக் கூட்டும் முன் இடுப்பு, முழங்கை இரண்டுக்கும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ஒரு வயதைத் தாண்டிய ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டைத் தரம் பிரித்துச் சொல்லிவிட முடியும். தடுப்பூசி அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் தேர்வு மேசைகளில் "எக்ஸ்ரே இருக்கிறதா?" என்று கேட்பவர் அரிது. 20 கிலோமீட்டர் ஓடப்போகும் காலைப் பற்றிக் கேட்காமல் அப்படி என்னதான் சரிபார்க்கிறார்களோ!

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயத்தையும் கேட்க வேண்டும். இவனுக்கு விதைநீக்க அறுவை செய்திருக்கிறீர்களா? செய்திருந்தால் எத்தனையாவது மாதத்தில்? ஏன் கேட்கிறேன் என்றால், குட்டியின் நீள எலும்புகளின் நுனியில் குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். அந்தத் தட்டு மூடி எலும்பாகும்வரை கால் முழுவதும் கெட்டியானதாகக் கணக்கில்லை. மூடுவதற்கு உத்தரவு கொடுப்பதில் பாலின ஹார்மோன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஹார்மோன் வருவதற்கு முன்பே, 5, 6 மாதத்தில், அறுவை செய்துவிட்டால் உத்தரவு தாமதமாகிறது. தட்டு கூடுதல் காலம் திறந்தே இருக்கும், கால் சற்று நெட்டையாக வளரும். விதிப்புத்தகத்தில் 16 மாதம் என்று போட்டிருப்பது எல்லா நாய்க்கும் ஒரே கணக்கு. உங்கள் நாயின் எலும்புக்கு அந்தப் புத்தகம் தெரியாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்கு முன்பே அறுவை செய்த ஜெர்மன் ஷெப்பர்டுகளில் மூட்டுக் கோளாறுகள், குறிப்பாகப் பின்முழங்காலின் சிலுவைத் தசைநார் கிழிவது, கூடுதலாக இருந்தது தெரியவந்தது. அதனால், சீக்கிரமே அறுவை செய்திருந்தால் எக்ஸ்ரே எடுக்கும்போது வளர்ச்சித் தட்டு மூடிவிட்டதா என்று தனியாகக் கேளுங்கள். மூடவில்லை என்றால் 16 மாதமானாலும் சரி, 17 ஆனாலும் சரி, சைக்கிள் வேண்டாம். நடை போதும், நீச்சல் இன்னும் நல்லது. அறுவையே செய்யவில்லை என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

பாதத்துக்கு வருவோம். உரிந்த இடம் இளஞ்சிவப்பாக இருக்கும்வரை ஓட்டம் கிடையாது. சுமார் இரண்டு வாரம் புல்தரையில் கயிற்றோடு நடை மட்டும். புண்ணை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து உலர வையுங்கள், நக்க விடாதீர்கள். "பாதம் இரும்பாகும்" என்று விற்கும் தைலமும் ஸ்ப்ரேயும் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். எண்ணெய்ப் பசையுள்ளவற்றை ஓட்டத்துக்கு முன் தடவினால் தோல் இன்னும் மிருதுவாகித்தான் போகும். ஈரமும் அப்படியே. மழையில் ஊறிய பாதம் தாரில் தேய்ந்தால் சீக்கிரம் உரியும். பாதத்தைக் கெட்டியாக்க ஒரே மருந்து, பலவகைத் தரைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும் தூரம். ஓட்டத்தில் பாதி மண் பாதை, கால்பங்கு சரளை, கால்பங்கு தார் என்று தொடங்கி, மெல்லத் தாரின் பங்கைக் கூட்டுங்கள். தேர்வுப் பாதையிலும் தரை மாறி மாறித்தான் வரும். புறங்கையைத் தாரில் 7 வினாடி வைக்க முடியவில்லை என்றால் அன்று தார் வேண்டாம். நகம் தரையில் தட்டும் சத்தம் கேட்டால் நறுக்குங்கள். நீண்ட நகம் விரலை மேலே தள்ளி, பாரத்தைத் தவறான இடத்தில் இறக்கும்.

பயிற்சிக்கு வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதில் ஒன்று நீண்ட ஓட்டம், மற்ற இரண்டும் அதில் பாதி. பாதம் ஆறியபின் முதல் நான்கு வாரத்து நீண்ட ஓட்டம் 3, 4, 5, மறுபடி 3 கிலோமீட்டர். அடுத்த நான்கு வாரம் 6, 7, 8, 5. அதற்கடுத்து 9, 10, 12, 7. கடைசி நான்கில் 13, 15, 16, பிறகு தேர்வு வாரம். நான்காவது வாரம்தோறும் இறங்குவதை வீண் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், தசைநார் தன்னைச் சரிசெய்துகொள்வது அப்போதுதான். 8-ஐத் தாண்டியதும் தேர்வில் உள்ளதுபோலவே 8 கிலோமீட்டரில் 15 நிமிட ஓய்வு கொடுங்கள். ஓய்வுக்குப் பின் மறுபடி எழுந்து ஓடுவதும் பழக வேண்டிய காரியம்தான், விறைப்பு அங்கேதான் பிடிக்கும். முழு 20-ஐத் தேர்வுக்கு முன் ஓடிப் பார்க்க வேண்டாம். கடைசி வாரம் 4 கிலோமீட்டர் இரண்டே முறை, இரண்டாவது தேர்வுக்கு மூன்று நாள் முன்னால். புண் ஆற 2 வாரம், பயிற்சி 16 வாரம், ஆக 18. உங்களிடம் இருப்பது 12, 13. அதனால்தான் முதல் வரியிலேயே மறுத்தேன். அடுத்த சுற்றில் அவனுக்கு 18 மாதம் கடந்திருக்கும், அதுவும் நல்லதற்கே.

கயிற்றைக் கைப்பிடியிலோ மணிக்கட்டிலோ சுற்றாதீர்கள். ஒரு பூனை குறுக்கே ஓடினால் நாய், சைக்கிள், நீங்கள் மூவரும் ஒரே பள்ளத்தில். தோள்பட்டை அசைவைத் தடுக்காத, மார்பில் ஒய் வடிவில் அமையும் பட்டை நல்லது. முதல் அரைக் கிலோமீட்டரை நடந்தே போய், மூத்திரம், மலம், மோப்பம் எல்லாம் முடித்துக்கொள்ள விடுங்கள். ஓட்டம் அவனுக்கு வேலையாக மட்டும் தோன்றினால் நான்காவது வாரத்திலேயே கயிற்றைப் பார்த்துக் காதை மடக்குவான். முடிந்ததும் பத்து நிமிடம் அவன் இஷ்டத்துக்கு மோந்து திரியட்டும். கயிறு எடுத்ததும் வாசலில் போய் நிற்கிறானா? நீங்கள் மகிழ்ச்சியாக ஓட்டுகிறீர்கள் என்பதற்கு அதைவிட வேறு அளவுகோல் வேண்டாம்.

தீனி விஷயத்தில் குழம்பாதீர்கள். ஓட்டத்துக்கு 4 மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது. ஆழ்ந்த மார்புள்ள இந்த இனத்தில் இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, மணிக்கணக்கில் உயிரே போகலாம். முடிந்தபின்னும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் உணவு. தண்ணீர் மட்டும் ஓய்வுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக. விளையாட்டு வீரர்கள் குடிக்கும் உப்புப் பானம் நாய்க்குத் தேவையில்லை, நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்த்து அது உப்பை இழப்பதில்லை. சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த எதுவும் நாய்க்கு நஞ்சு, அட்டையைப் படியுங்கள்.

கடைசியாக வெப்பம். சர்வதேச விதியில் 22 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. விதி நல்ல விதிதான். ஆனால் தொடக்கத்தில் நிழலில் ஒரு தடவை வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பேச்சும் பதிவும் நீண்டு, மூன்றாவது கட்டத்தை வெயில் ஏறியபின் ஓடவிட்டால் அந்த 22 யாருக்காக? காற்றில் ஈரப்பதம் கூடுதலாக இருந்தால் 22-க்குக் கீழேயும் இரைத்து உடம்பைக் குளிர்விக்க முடியாமல் போகும். அதனால் வெப்பமானி உங்கள் பையிலும் இருக்கட்டும், மலவாயில் வைத்துப் பார்ப்பதும் ஒன்று. நாயின் இயல்பான சூடு 38 முதல் 39.2. ஓடிய உடனே 40-க்கு மேல் போகலாம், ஓய்வில் அது இறங்க வேண்டும். 41-ஐத் தொட்டாலோ, நாக்கு அகலமாகிக் கரண்டிபோல மடிந்து தொங்கினாலோ, கால் தள்ளாடினாலோ உடனே தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். குளிர்வித்த பிறகுதான் மருத்துவமனைக்கு வண்டி. ஈரத்துண்டைப் போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைக்கும். 39.5-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

இரண்டாவது ஓய்வில் 10 நிமிடத்துக்குப் பிறகும் இரைப்பு அடங்கவில்லை என்றால், நடுவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும், நீங்களே விலகிக்கொள்ளுங்கள். "இன்னும் 5 கிலோமீட்டர்தானே" என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் ஓடப்போவதில்லை.